மஞ்ச நோட்டீஸுக்கு ஒரு வக்கீல்

திண்டுக்கல்லில் மஞ்ச நோட்டீஸ் கொடுத்தவர்கள் யார் யார் என்று கேட்டால், நின்ற இடத்திலேயே பத்துப் பேரைச் சொல்வார்கள். கடை எந்தத் தெருவில் இருந்தது, எந்தக் கிழமை பூட்டினார்கள், பெண்டாட்டி நகை எந்த பேங்கில் மூழ்கியது என்பதெல்லாம் கேட்காமலே வரும். அந்தப் பத்துப் பேருக்கும் வக்கீல் யார் என்று கேட்டால் மட்டும் ஒருவருக்கும் தெரியாது. எனக்கே ஒரு வக்கீல் தேவைப்பட்டபோதுதான் இதைத் தெரிந்துகொண்டேன்.

வாங்கிய கடனைக் கட்ட வழியில்லை என்று கோர்ட்டில் மனுப் போட்டு, கடன் கொடுத்த அத்தனை பேருக்கும் தகவல் அனுப்புவதற்குத்தான் மஞ்ச நோட்டீஸ் என்று பெயர். படித்தவர்கள் ஐ.பி. என்பார்கள். தாள் இப்போதெல்லாம் வெள்ளையாகத்தான் வருகிறது. ஊருக்கு அது இன்னும் மஞ்சள்தான்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் வீட்டுக்காரர் பந்தல், சேர், பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர். ஃபைனான்ஸிலும் வெளி ஆட்களிடமும் கடன் வாங்கி ஆயிரம் பிளாஸ்டிக் சேர், ஒரு ஜெனரேட்டர், ஆள் இறங்கிக் கழுவுகிற அளவுக்கு அண்டாக்கள் எல்லாம் வாங்கி அடுக்கினார். அடுக்கி முடித்த அடுத்த மாதம் ஊரடங்கு வந்தது. கல்யாணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடக்கூடாது என்றார்கள். ஐம்பது பேருக்கு யாரும் சேர் வாடகைக்கு எடுப்பதில்லை, பக்கத்து வீடுகளில் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். எல்லாம் சரியானபோது மண்டபக்காரர்கள் சொந்தமாகச் சேர் வாங்கி வைத்திருந்தார்கள். அதற்கப்புறமும் நாலைந்து வருடம் இழுத்துப் பிடித்தோம். வட்டி எங்களை இழுத்தது என்று சொன்னால் சரியாக இருக்கும்.

கடைசியில் வெளியில் கடன் கொடுத்த ஒருவர் கோர்ட்டுக்குப் போய்த் தீர்ப்பு வாங்கிவிட்டார். பணத்தைக் கட்டாவிட்டால் சிவில் சிறையில் வைக்கலாம் என்ற அர்த்தத்தில் ஒரு தாள் வீட்டுக்கு வந்தது. என் வீட்டுக்காரர் அதை இரண்டு முறை படித்தார். "சோறு அவங்க போடுவாங்களா, நாம குடுத்து விடணுமா?" என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார் என்று அன்றைக்கு நினைத்தேன்.

எனக்குச் சிறையைவிடப் பெரிய கவலை வேறொன்று இருந்தது. அவர் விசேஷ வீடுகளுக்குப் போவதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்தில் விசேஷத்துக்குப் போனால் மொய் செய்ய வேண்டும். செய்வதை ஒருவர் நோட்டில் எழுதுவார், இன்னொருவர் மைக்கில் வாசிப்பார். இன்ன ஊர், இன்னார் மகன், இவ்வளவு ரூபாய் என்று மூன்று தெருவுக்குக் கேட்கும். நமக்கு ஐயாயிரம் செய்தவர் வீட்டில் போய் நூறு ரூபாயை நீட்டினால், அதுவும் மூன்று தெருவுக்குக் கேட்கும். ஊரில் பாதி மைக் செட்டுகளைத் தன் பந்தலுக்குக் கீழே பார்த்தவர் அவர். அதனால்தான் பயம். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூட விடியற்காலைப் பூசையாகப் பார்த்துப் போய், கடைசி ஆசீர்வாதத்துக்கு முன்னால் நழுவிவிடுவார்.

ஈஸ்டர் முடிந்ததும் சின்னாளப்பட்டியில் அவருடைய அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இவர் பெண்ணுக்குத் தாய்மாமன். ஒரே தாய்மாமன். இவர் வந்து நிற்காமல் அந்தப் பெண் வீட்டு வாசலை விட்டுக் கோயிலுக்குக் கிளம்ப முடியாது. "நான் வரல" என்று என்னிடம் சொல்லிவிட்டார். அக்காவிடம் சொல்லவில்லை. போனை எடுத்தால்தானே சொல்வதற்கு.

ஆக எனக்கு ஒரு வக்கீல் வேண்டும். அரெஸ்ட்டை நிறுத்த வேண்டும். இந்த மனிதரைச் சித்திரை மாதத்துக்குள் நிமிர்த்தி நிற்க வைக்க வேண்டும். இரண்டாவது வேலை எந்த வக்கீலும் செய்வதில்லை என்று தெரியும். முதலாவதையாவது பார்ப்போம் என்று போனை எடுத்தேன்.

போனில் திவால் வக்கீல் என்று ஆங்கிலத்தில் தட்டினேன். உங்கள் மாநிலத்தில் உள்ள வக்கீல்கள் என்று ஒரு பக்கம் திறந்தது. மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. அலபாமாவில் ஆரம்பித்து ஐம்பது மாநிலம் இருந்தது. தமிழ்நாடு இல்லை. முதல் ஆலோசனை இலவசம் என்று ஒரு வெள்ளைக்கார அம்மாள் சிரித்துக்கொண்டிருந்தார். டெக்சாஸில் கடனாளியாக இருந்தால் சிரித்துக்கொண்டே தீர்த்துவைப்பார்கள் போலிருக்கிறது.

அப்புறம் சென்னையில் ஒரு ஆபீஸ் கிடைத்தது. ஒரு பெண் மரியாதையாகப் பேசினாள். கடன் எத்தனை கோடி என்று கேட்டாள். லட்சத்தில்தான் இருக்கிறது என்றேன். குறைவாக இருப்பதற்காக மன்னிப்புக் கேட்கிற குரல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கம்பெனியாக இருந்தால்தான் அவர்கள் பார்ப்பார்களாம். ஒரு நிமிஷம் இருங்கள் மேடம் என்று பாட்டுப் போட்டாள். பாட்டு முடிந்து மறுபடி முதலிலிருந்து வந்தது. வைத்துவிட்டேன்.

உள்ளூரில் முதலில் பார்த்த வக்கீல் மோட்டார் விபத்துக் கேஸ் பார்ப்பவர். நல்ல மனிதர். முழுக்கக் கேட்டுவிட்டு, "அடிபட்டா வாங்க டீச்சர், நல்லபடியா வாங்கித் தாரேன்" என்றார்.

இரண்டாமவர் எங்கள் பங்குக் கோயிலில் முன்வரிசையில் உட்காருகிறவர். ஜெனரேட்டரையும் சேர்களையும் ஒரு வருடத்துக்கு முன்னாலேயே யாருக்கோ விற்றுவிட்ட மாதிரி எழுதிக்கொள்ளலாம் என்றார். ஒரு வருடத்துக்கு முன்னால் விற்கவில்லையே என்றேன். பழைய தேதி போட்ட பத்திரத்தாள் கிடைக்கும் என்றார். தப்பான வழியில் வந்த விடைக்கு நான் மார்க் போடுவதில்லை. எழுந்து வந்துவிட்டேன். அடுத்த ஞாயிறும் அவர் முன்வரிசையில்தான் இருந்தார்.

கடைசியில் ஆசிரியர் அறையில் தமிழ் டீச்சரிடம் கேட்டேன். எனக்கு என்று எப்படிக் கேட்பது? "தெரிஞ்சவங்க ஒருத்தருக்கு ஐ.பி. வக்கீல் வேணுமாம்" என்றேன். அவர் நோட்டைப் பார்க்கவில்லை, போனைப் பார்க்கவில்லை. பத்து இலக்கத்தையும் மனப்பாடமாகச் சொன்னார். "எனக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தருக்கு இவருதான் பாத்தாரு" என்றார். நாங்கள் இரண்டு பேரும் தலையைக் குனிந்து டீயைக் குடித்து முடித்தோம்.

அந்த வக்கீலின் ஆபீஸ் கோர்ட்டுக்குப் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. போர்டில் பத்திரம், பட்டா, திருமணப் பதிவு என்று எழுதியிருந்தது. திருமணப் பதிவுக்கு வந்த மாதிரி மூன்று கிழடுகள் தனித்தனியாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"போர்டுல ஏன் சார் போடல?" என்று கேட்டேன்.

"போட்டா படியேற மாட்டாங்க டீச்சர்," என்றார் வக்கீல்.

ஐம்பது வயதிருக்கும். மேஜையில் ஒரு தாளும் சரிந்து கிடக்கவில்லை, அதனால் எனக்குப் பிடித்துப்போயிற்று. சொந்த வீடு உண்டா, சமீபத்தில் எதையாவது விற்றீர்களா, நகை யார் பெயரில் இருக்கிறது என்று வரிசையாகக் கேட்டார். வாடகை வீடு, விற்கவில்லை, நகை பேங்க் பெயரில் இருக்கிறது என்றேன். சிரிக்காமல் எழுதிக்கொண்டார். மனு ஏற்றுக்கொள்ளப்பட்டால் அரெஸ்ட்டுக்குத் தடை வாங்கிவிடலாம், சேர், ஜெனரேட்டர் எல்லாம் கோர்ட் பொறுப்புக்குப் போய்விடும் என்றார். பிறகு ஒரு விரலைத் தூக்கினார்.

"கடன் குடுத்தவங்க லிஸ்ட் வேணும். பேரு, அட்ரஸ், தொகை. ஒருத்தர விடக்கூடாது. சின்னத் தொகைதானேன்னு விட்டீங்கன்னா, மறைச்சுட்டாங்கன்னு சொல்லி மனுவையே தள்ளிருவாங்க. ஒருத்தர விடக்கூடாது."

இரண்டு முறை சொன்னார். இதைப் பிறகு அவருக்கே நான் ஞாபகப்படுத்த வேண்டி வந்தது.

அன்று சாயங்காலம் கோடு போட்ட நோட்டில் கட்டம் போட்டு உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஃபைனான்ஸ், வெளி ஆட்கள், சேர் கம்பெனி பாக்கி எல்லாம் சேர்த்து ஏழு பெயர். ஏழோடு முடிந்தது என்று கோடு போடப் போனேன். அவர் எழுந்து போய் பீரோவைத் திறந்து மொய் நோட்டு இரண்டையும் எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். ஒன்று எங்கள் மகள் கோயிலில் முதல் நற்கருணை வாங்கிய புது நன்மை விசேஷத்துக்கு எழுதியது. இன்னொன்று அவள் பெரியவளான சடங்குக்கு எழுதியது.

"இதையும் எழுதணும்ல," என்றார்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். மொய் இனாம் இல்லை. ஒருவர் நமக்கு ஐந்நூறு செய்தால், அவர் வீட்டு விசேஷத்தில் அந்த ஐந்நூறோடு மேலே கொஞ்சம் சேர்த்துச் செய்ய வேண்டும். அந்த மேல்தொகை இப்போது அவர் பக்கம் பாக்கி. இப்படியே போகும், முடியாது, முடியவும் கூடாது. யாராவது வாங்கியதை மட்டும் அப்படியே, ஒரு ரூபாய் கூடவோ குறையவோ இல்லாமல் திருப்பிச் செய்தால், இனி உன் வாசலுக்கு நான் வரமாட்டேன் என்று அர்த்தம். அண்ணன் தம்பிகள் அப்படி முறித்துக்கொண்டதை மைக்கில் கேட்டிருக்கிறேன்.

அவரை நான் தடுத்திருக்க வேண்டும். யோசித்தேன். இது செய்ய வேண்டிய பாக்கியா? ஆமாம். செய்யாவிட்டால் கேட்பார்களா? வாயால் கேட்கமாட்டார்கள், கண்ணால் கேட்பார்கள். ஒருத்தரை விடக்கூடாது என்று வக்கீல் சொன்னாரா? இரண்டு முறை சொன்னார். இருபத்திரண்டு வருடம் வகுப்பில் ஒரு வழிமுறையை விட்டாலும் மார்க் குறைத்த கை, எழுத ஆரம்பித்துவிட்டது. நாலு சாயங்காலம் எழுதினேன். கன்னிவாடி, வத்தலக்குண்டு, சின்னாளப்பட்டி என்று ஊர்வாரியாகப் பிரித்து, முழு முகவரியோடு, கோணல் இல்லாமல். எந்த வகையில் கடன் என்ற கட்டத்தில் எல்லோருக்கும் 'செய்முறை' என்று எழுதினேன், மொய் மாதிரி செய்து திருப்பிச் செய்வதற்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னார் இறந்துவிட்டார், மகன் பெயரைப் போடு என்று திருத்தினார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் இவ்வளவு பேசியது அந்த நாலு சாயங்காலம்தான். அதையும் நான் சொல்லிவிட வேண்டும். அந்தப் பேச்சு நிற்கக்கூடாது என்பதற்காகவே நான் எழுதிக்கொண்டு போனேனோ என்னவோ.

வக்கீலின் குமாஸ்தா பட்டியலை வாங்கிப் புரட்டினார்.

"இம்புட்டு பேருகிட்டயா டீச்சர் வாங்குனீக?" என்றார்.

"ஆமா," என்றேன்.

என்னை ஒரு மரியாதையோடு பார்த்தார். அப்படியே டைப் அடித்தார். வக்கீல் முதல் பக்கத்தில் இருந்த ஏழு பெயரையும் பார்த்துவிட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் கீழே கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு அவருக்கு மூன்று கோர்ட்டில் வேலை. நோட்டீஸ் எல்லாம் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் போயிற்று. ஐம்பத்தியொரு ரூபாய் மொய் செய்த ஒரு பெரியவருக்கு அந்தத் தொகையைவிடத் தபால் செலவு கூட ஆனது. அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

முதல் போன் கன்னிவாடியிலிருந்து வந்தது. என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன், விவசாயம் பார்க்கிறவர். தபால்காரர் அவரை டீக்கடை வாசலில் நிறுத்திக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். கோர்ட்டுக் கவரைப் பார்த்ததும் டீக்கடை மொத்தமும் எழுந்து வந்திருக்கிறது.

"மதினி, நான் அண்ணங்கிட்ட என்ன கேட்டேன்? எதுக்கு என்னையக் கோர்ட்டுக்கு இழுத்தீக? ஊருல நான் யாரையோ வெட்டிப்புட்டேன்னு பேசிக்கிறாங்க," என்றார்.

அடுத்தது வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் பழக்கடை வைத்திருப்பவர். சொந்தம்கூட இல்லை, பந்தல் போட்ட பழக்கத்தில் நூற்றியொரு ரூபாய் செய்தவர். அவரிடம் பேச எனக்கு வெட்கமாக இருந்தது. சரி, இதையாவது முடித்துவிடுவோம் என்று நூற்றியொரு ரூபாயைப் போனிலேயே அனுப்பிவிட்டேன். பத்து நிமிடத்தில் அது திரும்பி வந்தது. அன்று சாயங்காலம் அவரே கூப்பிட்டார்.

"டீச்சர், நான் ஏதும் தப்பாப் பேசிட்டனா?" என்று மட்டும் கேட்டார்.

நாத்தனார் மூன்றாம் நாள் கூப்பிட்டார். கல்யாணப் பெண்ணின் அம்மா. இவருக்கு ஒரே அக்கா.

"எந்தம்பிக்கு நான் செஞ்சது கடனா?"

"அண்ணி, அது வந்து, வக்கீலு ஒருத்தர விடக்கூடாதுன்னு…"

"அவன் எங்க?"

"மொட்ட மாடில இருக்காக."

"நோட்டீஸுல வெள்ளிக்கிழமை ஆஜராகணும்னு போட்டிருக்கு. வாரேன்," என்று சொல்லி வைத்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலாம்.

வக்கீலிடம் ஓடினேன். அவர் மனுவின் நகலை எடுத்து இரண்டாம் பக்கத்தைப் புரட்டினார். மூன்றாம் பக்கத்தைப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"டீச்சர், இது மொய்."

"ஆமா சார்."

"மொய்ய யாராச்சும் ஐ.பி.ல போடுவாங்களா?"

"ஒருத்தர விடக்கூடாதுன்னு ரெண்டு தடவ சொன்னீங்க சார்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். சட்டப்படி மொய் கடன் இல்லை, அன்பளிப்பு என்றார். இத்தனை பேரும் கோர்ட்டில் வந்து நின்றால், எதிர்த்தரப்பு வக்கீல் இந்த ஆள் ஊரையே ஏமாற்றியவன் என்று சொல்லிவிடுவார், அரெஸ்ட்டுக்குத் தடை கிடைக்காமல் போனாலும் போகும் என்றார். அதனால் ஒரு தாள் தயார் செய்தார். 'நான் கொடுத்தது அன்பளிப்பு. மனுதாரரிடமிருந்து எனக்குத் திரும்ப வரவேண்டியது எதுவும் இல்லை.' வருகிறவர்கள் எல்லோரும் இதில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், பெயரை எடுத்துவிடலாம் என்றார். கீழே ஜெராக்ஸ் கடையில் கட்டுக் கட்டாக எடுத்துக்கொண்டேன். தவறைத் திருத்திவிட்ட நிம்மதியோடு வீட்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை கோர்ட் வளாகத்தில் இரண்டு வேன் வந்து நின்றது. ஒன்று சின்னாளப்பட்டியிலிருந்து, ஒன்று கன்னிவாடிப் பக்கத்திலிருந்து. வத்தலக்குண்டுக்காரர்கள் பஸ்ஸில் வந்தார்கள். நாத்தனார் முன் சீட்டிலிருந்து இறங்கினார். பின்னால் இரண்டு வாளி எலுமிச்சம்பழச் சாதமும், வெஞ்சனத்துக்கு உருளைக்கிழங்கும் இறங்கின. தவக்கால வெள்ளிக்கிழமை, அதனால் கறி இல்லை. எல்லோரும் நல்ல துணி உடுத்தி வந்திருந்தார்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் என்ன விசேஷம் என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். இரண்டு வருடமாக யார் யார் கண்ணில் படாமல் ஒளிந்தாரோ அவர்கள் அத்தனை பேரும் ஒரே இடத்தில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. ஓடிவிடுவார் என்று நினைத்துக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஜெபம் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"எம்பது சேராவது வேணும்," என்றார்.

வக்கீல் தாள்களை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே போனார். விஷயத்தைப் பொறுமையாகச் சொன்னார். கன்னிவாடிக் கொழுந்தன் ஒரு தாளை வாங்கிச் சத்தமாகப் படித்தார். அவர் தாளை நாலாக மடித்து வக்கீலிடமே நீட்டினார்.

"இதுல கையெழுத்துப் போட்டா அண்ணன் வீட்டோட எங்களுக்கு முடிஞ்சு போச்சுன்னு ஆகும். நான் எதுக்கு முடிக்கணும்? எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைக இருக்கு. நாளைக்கு அண்ணன் வந்து நிக்கணும்ல," என்றார்.

ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. ஐம்பத்தியொரு ரூபாய்ப் பெரியவரும் போடவில்லை. பழக்கடைக்காரர் பேனாவைக் கையில் வாங்கி, யோசித்து, மூடிக் கொடுத்துவிட்டார். வக்கீல் திரும்பி என்னிடம் வந்தார். வற்புறுத்துங்கள் சார் என்றேன்.

"எப்படிங்க வற்புறுத்தறது? எங்க வீட்டுலயும் யாரும் போடமாட்டாங்க," என்றார். பிறகு என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, நீதிபதி கேட்டால் அதெல்லாம் அன்பளிப்பு, கடன் இல்லை என்று மட்டும் சொல்லுங்கள், வேறு ஒரு வார்த்தை பேசாதீர்கள் என்றார். அவர் தலையாட்டினார்.

உள்ளே இடம் போதவில்லை. நாத்தனார் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நீதிபதி ஒரு பெண். பட்டியலைப் புரட்டினார், கூட்டத்தைப் பார்த்தார், மறுபடி பட்டியலைப் பார்த்தார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, மனுதாரர் இந்த ஊர் மட்டும் இல்லாமல் சுற்றுவட்டாரம் முழுக்கக் கடன் வாங்கியிருக்கிறார் என்று ஆரம்பித்தார். நீதிபதி அவரை உட்காரச் சொல்லிவிட்டு என் வீட்டுக்காரரைக் கேட்டார்.

"வெளியில நிக்கிற இத்தனை பேருக்கும் நீங்க கடன் தரணுமா?"

எங்கள் வக்கீல் மேஜையைப் பார்த்துக்கொண்டு, சொல்லிக் கொடுத்ததைச் சொல்லட்டும் என்று காத்திருந்தார். என் வீட்டுக்காரர் திரும்பி வாசலைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். இல்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது. எல்லாம் லேசாகிவிடும். சொல்லிவிடுங்கள் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

"தரணுங்கம்மா," என்றார். "எல்லாருக்கும் செய்யணும். ஒருத்தர் விடாம செய்யணும்."

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

"எப்ப தருவீங்க?"

"அவங்கவங்க வீட்டு விசேஷத்துக்கு."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். வாசலில் நின்ற நாத்தனாரை உள்ளே வரச் சொன்னார். நீங்கள் பணம் கேட்டு வந்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

"பணத்துக்கு வரலம்மா," என்றார் நாத்தனார். "சித்திரையில எம்மக கல்யாணம். இவன்தான் தாய்மாமன். ரெண்டு வருசமா வீட்டுப் பக்கம் வரல, போன எடுக்கல. நேருல பாத்து வாடான்னு சொல்லலாம்னா வீட்டுல ஒளிஞ்சுக்கிறான். இன்னைக்குக் கண்டிப்பா இங்க இருப்பான்னு கோர்ட்டே எழுதி அனுப்பிச்சுச்சு. அதான் வந்தேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை, கீழே குனிந்து எதையோ எழுதினார், அல்லது எழுதுகிற மாதிரி இருந்தார்.

"உங்க தம்பியக் கல்யாணத்துக்குப் போகச் சொல்லி நான் உத்தரவு போட முடியாதும்மா."

"வேணாம்மா. இம்புட்டு பேரு முன்னால செய்யணும்னு ஒத்துக்கிட்டான்ல. அது போதும்."

உத்தரவு பத்து நிமிடத்தில் முடிந்தது. மொய் செய்தவர்கள் சட்டப்படி கடன் கொடுத்தவர்கள் ஆகமாட்டார்கள், ஏழு பெயர் மட்டும் இருக்கும்படி பட்டியலைத் திருத்தித் தாருங்கள், மனு முடியும்வரை அரெஸ்ட்டுக்குத் தடை. எங்கள் வக்கீல் வெளியே வந்ததும் ஃபீஸில் கொஞ்சம் குறைத்துக்கொள்வதாகச் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை. வேப்பமரத்தடியில் எலுமிச்சம்பழச் சாதம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார். போலீஸ்காரரும் சாப்பிட்டார். என் வீட்டுக்காரருக்கு அக்கா தட்டில் சாதம் போட்டுக் கொடுத்தார். அவர் சாப்பிட்டு முடித்ததும் இன்னொரு கரண்டி போட்டார், அவ்வளவுதான்.

கல்யாணத்தன்று எங்களிடம் என்ன இருந்தது என்று சொல்ல வெட்கமில்லை. பெண்ணுக்கு ஒரு சேலை எடுத்திருந்தோம், சின்னாளப்பட்டியிலேயே, தவணைக்கு. மாலை வாங்கினோம். மொய்க்கவரில் நூற்றியொரு ரூபாய் வைத்தேன். வாசலில் பெண்ணின் கையைப் பிடித்துக் கோயிலுக்குக் கூட்டிப்போனார் என் வீட்டுக்காரர். அதுவரைக்கும் சரி. பூசை முடிந்து மண்டபத்துக்கு வந்ததும், நாங்கள் இரண்டு வருடமாகப் பயந்த மேஜை வாசலிலேயே போட்டிருந்தது. நோட்டு எழுத ஒருவர். மைக்கைப் பிடித்துக்கொண்டு கன்னிவாடிக் கொழுந்தன்.

கவரை நான் கொடுக்கிறேன், நீங்கள் பந்திக்குப் போங்கள் என்று சொன்னேன். அவர் என்னிடமிருந்து கவரை வாங்கிக்கொண்டார். நேராக மேஜைக்குப் போய் நீட்டினார். நோட்டு எழுதுகிறவர் பிரித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்து கொழுந்தனைப் பார்த்தார். கொழுந்தனும் பார்த்தார்.

"பொண்ணுக்குத் தாய்மாமன், திண்டுக்கல்," என்றது மைக், நிதானமாக, மூன்று தெருவுக்கும் கேட்கும்படி. "நூத்தியொண்ணு. மிச்சத்தைக் கோர்ட்டுல ஒத்துக்கிட்டிருக்காரு."

மண்டபமே சிரித்தது. முதலில் சிரித்தவர் என் வீட்டுக்காரர். பந்தி பரிமாறிக்கொண்டிருந்த நாத்தனார் வாளியோடு அப்படியே நின்று சிரித்தார். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெங்காயம் உரிக்கும் இடம் அங்கிருந்து ரொம்பத் தூரம், அதனால் காரணம் எதுவும் சொல்ல முடியவில்லை.

அவர் முதல் பந்தியிலேயே உட்கார்ந்தார். உட்காரும் முன் சேரைத் தூக்கிக் காலை ஆட்டிப் பார்த்து, "இது ஒரு மழை தாங்காது" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். சாப்பிட்ட பிறகும் எழுந்து வரவில்லை. மூன்றாம் பந்தி முடிந்து, பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டு, எங்களைத் திண்டுக்கல்லுக்குக் கூட்டிப்போக வந்த வேன்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்த பிறகு, "நீ போய் ஏறு, சொல்லிட்டு வாரேன்" என்றார். ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒருவரையும் விடவில்லை.